ஏற்காட்டில் இரண்டு நாள்: துணைப் பயிற்சியாளர்களுக்கான பயிலரங்கு பற்றி என் மதிப்பீடு

வாழப்பாடிக்கு அருகில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் மாணவியர் கபடி அணிக்கு ஆறு ஆண்டுகளாகத் துணைப் பயிற்சியாளராக இருக்கிறேன். உடற்கல்வியில் இளநிலைப் பட்டம் முடித்தவள். கல்லூரி நாள்களில் கபடியில் இடது கார்னர், அதாவது தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில், ஆடியவள். கடந்த நவம்பரில், துணைப் பயிற்சியாளர்களுக்கென்றே ஏற்காட்டில் நடத்தப்பட்ட இரண்டு நாள் பயிலரங்கில் 3,800 ரூபாய் கட்டிக் கலந்துகொண்டேன். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் என் போன்ற வேலையில் இருப்பவர்கள் அடுத்த முகாமில் சேரலாமா என்று கேட்டபடி இருக்கிறார்கள். தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட, கிடைத்ததையும் கிடைக்காததையும் முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். நடத்துபவர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உடற்கல்வி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான் அறிவிப்பு வருகிறது. விசாரித்தால் எளிதில் கிடைக்கும்.

பயிலரங்கின் பொருள் பலரைத் தயங்க வைக்கும்; என்னையும் தயங்க வைத்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் துணைப் பயிற்சியாளராக நுழைகிறவர் படிப்படியாக எப்படி மேலே போகிறார் என்பதையே இரண்டு நாளும் எடுத்துக்காட்டாக வைத்து நடத்துகிறார்கள். அங்கே கால்பந்து என்பது நாம் காலால் உதைத்து ஆடுகிற ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறுகிற ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர், நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். வந்திருந்த 22 பேரில் இந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருந்தவர்கள் மூவர்தான். கபடியும் வாலிபாலும் தடகளமும் சொல்லிக்கொடுக்கிற நமக்கு இது எதற்கு என்று ஆத்தூரிலிருந்து வந்திருந்த மூத்த ஆசிரியர் முதல் மணி நேரத்திலேயே எழுந்து கேட்டுவிட்டார்.

நடத்துபவர் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு மேலாண்மையில் முதுகலை படித்து, அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் காணொளிப் பிரிவில் நான்கு பருவங்கள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். மூத்த ஆசிரியருக்கு அவர் சொன்ன விடை எனக்கு ஏற்புடையதாக இருந்தது. துணைப் பயிற்சியாளர் என்கிற வேலையை அவ்வளவு நுட்பமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பெயரும் பொறுப்பும் ஊதியமும் எழுதி வைத்திருக்கிற ஆட்டம் தாம் பார்த்தவரை வேறில்லை என்றும், நம் வேலைக்கு அளவுகோல் தேடும்போது நன்றாக அளந்து வைத்திருக்கிற இடத்தில்தானே பார்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். "சார், இந்த ஆட்டத்தை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டாம், அவர்கள் வேலையை எப்படிப் பங்கு பிரித்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்" என்றார். அதன் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

முதல் நாள் காலை முழுவதும் அங்குள்ள பதவி ஏணியைப் பற்றியது. ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவர் பட்டமேற்படிப்பு உதவியாளர். முதுகலைப் படிப்பில் சேர்ந்துகொண்டே அணியில் வேலை செய்கிறார்; படிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது, கைச்செலவுக்குச் சிறு தொகையும் தருகிறது. அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் ஆட்டங்களைக் காணொளியில் துண்டு துண்டாகப் பிரிப்பது, அந்த அணியின் ஆட்ட அமைப்புகளைத் தடித்த அட்டைகளில் வரைவது, பயிற்சியின்போது அந்த அட்டைகளைத் தூக்கிப் பிடித்து மாற்று வீரர்களை எதிரணி போல ஆட வைப்பது ஆகியவை அவருடைய அன்றாட வேலைகள். அதற்கு மேல் ஆய்வாளர் அல்லது தரக் கட்டுப்பாட்டாளர் எனப்படும் படி. இவர்கள் எதிரணியைப் பிரித்து ஆராய்ந்து அறிக்கை தருவார்கள். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, களத்தில் இறங்கி வீரருக்கு நுட்பம் சொல்லித்தர இவர்களுக்கு நெடுங்காலம் அனுமதி இருக்கவில்லை. மேல்நிலைப் பிரிவில் களப் பயிற்சி தரும் துணைப் பயிற்சியாளர்கள் ஒன்பது பேர்தான் என்றிருந்த வரம்பு 2018 ஜனவரியில் பத்தாக உயர்ந்தது; 2024-இல்தான் ஆய்வாளர்களும் களத்தில் சொல்லித்தரலாம் என்று விதி தளர்ந்தது. அந்த விதியைக் கேட்டபோது எங்கள் வரிசையில் இருந்த பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். களத்தில் பேச அனுமதி இல்லாமல், களத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் தயார் செய்து கொடுக்கிற நிலை எங்களுக்குப் புதிதன்று. வேறுபாடு, அவர்களுக்கு அது எழுத்தில் இருந்தது என்பதுதான்.

மூன்றாவது படியில் இருப்பவரே நாம் பொதுவாகத் துணைப் பயிற்சியாளர் என்று நினைக்கிறவர். பந்தை எறிபவருக்கு ஒருவர், அவரைக் காக்கும் முன்வரிசைக்கு ஒருவர், ஓடிப் பிடிப்பவர்களுக்கு ஒருவர், தடுப்பாட்டத்தின் நடுவரிசைக்கு ஒருவர் என்று இடம்வாரியாகப் பயிற்சியாளர்கள் உண்டு. கபடியில் கார்னருக்கு ஒருவர், அவருக்கு உள்பக்கம் நிற்கும் கவருக்கு ஒருவர், பாடிப் போகும் ரெய்டருக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பயிற்சியாளர் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பள்ளியில் இந்த மூன்றையும், கூடவே சீருடை துவைக்கக் கொடுப்பதையும் நானே செய்கிறேன். அதற்கு மேலே தாக்குதலாட்டம் முழுமைக்கும், தடுப்பாட்டம் முழுமைக்கும் ஒவ்வோர் ஒருங்கிணைப்பாளர். ஒவ்வொரு முயற்சிக்கும் என்ன ஆட்டம் ஆடுவது என்று பெரும்பாலும் முடிவு செய்வது இவர்களே. பெரிய பல்கலைக்கழகங்களில் சில ஒருங்கிணைப்பாளர்கள் ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கும் மேல் ஊதியம் பெறுகிறார்கள். உச்சியில் தலைமைப் பயிற்சியாளர்.

இந்த ஏணியை நடத்துபவர் வெறும் பெயர்ப் பட்டியலாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்து, ஆண்டுவாரியாகப் பலகையில் எழுதிக் காட்டினார். நிக் சேபன் 1973-இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டான் ஜேம்ஸ் என்கிற பயிற்சியாளரிடம் பட்டமேற்படிப்பு உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு சிராக்யூஸ், மேற்கு வர்ஜீனியா, ஓஹியோ ஸ்டேட், கடற்படைக் கல்லூரி, மிச்சிகன் ஸ்டேட் என்று ஊர் ஊராகப் போனார். ஓஹியோ ஸ்டேட்டில் 1981 பருவத்துக்குப் பிறகு வேலை பறிபோனது. ஹூஸ்டனில் தொழில்முறை அணி ஒன்றில் இரண்டு பருவங்கள் இருந்துவிட்டு, 1990-இல் டொலிடோ பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்குள் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னாளில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்று, அலபாமாவில் ஆறு என்று ஏழு தேசியப் பட்டங்களை வென்று, 2024 ஜனவரியில் ஓய்வுபெற்றவர் அவர். பலகையில் அந்தப் பதினேழு ஆண்டுகளுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டு நடத்துபவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். என் ஆறு ஆண்டுகளை அந்தக் கோட்டின் அருகில் வைத்துப் பார்க்க எனக்கு அந்த அமைதி தேவைப்பட்டது.

தருமபுரியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, தாம் எந்த ஆட்டத்தையும் மாவட்ட அளவில்கூட ஆடியதில்லை என்றும், அதனாலேயே தம்மைப் பயிற்சியாளர் என்று யாரும் மதிப்பதில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்கு நடத்துபவர் மைக் லீச் என்கிற பயிற்சியாளரின் கதையை எடுத்தார். கல்லூரி அணியில் ஆடாதவர், சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர், 1987-இல் கலிபோர்னியாவில் ஒரு சிறிய கல்லூரி அணியில் துணைப் பயிற்சியாளராக நுழைந்தார். இடையில் பின்லாந்தில்கூட ஓர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அயோவா வெஸ்லியனில் ஹால் மம்மி என்கிற தலைமைப் பயிற்சியாளரிடம் சேர்ந்து, அவருடன் வால்டோஸ்டா ஸ்டேட்டுக்கும் கென்டக்கிக்கும் போய், இருவருமாகப் பந்தை எறிந்தே ஆடுகிற ஒரு முறையை வளர்த்தார்கள். 1999-இல் ஓக்லஹோமாவில் தாக்குதலாட்ட ஒருங்கிணைப்பாளர். 2000-இல் டெக்சாஸ் டெக்கில் தலைமைப் பயிற்சியாளர். 2022 டிசம்பரில் இறக்கும்போதும் மிசிசிப்பி ஸ்டேட் அணியின் தலைமைப் பயிற்சியாளராகவே இருந்தார். "ஆடியவர்தான் சொல்லித்தர முடியும் என்றால், தம்பி, இந்த மனிதர் வீட்டுக்குத் திரும்பிப் போய் வழக்காடியிருக்க வேண்டும்" என்றார் நடத்துபவர். அந்தத் தம்பி மதிய உணவின்போது அந்தப் பெயரைத் தம் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் வந்த அமர்வுதான் என் மனத்தில் அதிகம் தங்கியது. எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: உங்கள் தலைமைப் பயிற்சியாளர் நாளைக்கே வேறு பள்ளிக்குப் போய்விட்டால் உங்கள் நிலை என்ன? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு விடை கொடுமையானது, ஆனால் தெளிவானது. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் துணைப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோருக்கும் வேலை போகும். அவர் பெரிய இடத்துக்குப் போனால் தமக்கு வேண்டியவர்களைக் கையோடு அழைத்துப் போவார். அதனால் ஒரு பயிற்சியாளரைப் பற்றிப் பேசும்போது அவர் யாரிடம் இருந்தவர் என்பதையே முதலில் கேட்கிறார்கள். நாதசுரக் கலைஞரைப் பற்றி விசாரிக்கும்போது இன்னாருடைய சீடர் என்று சொல்லி அறிமுகப்படுத்துகிற நம் வழக்கம்தான். கிர்பி ஸ்மார்ட் 2007 முதல் 2015 வரை அலபாமாவில் சேபனிடம் இருந்து, தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளராக உயர்ந்து, 2016-இல் தாம் படித்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கே தலைமைப் பயிற்சியாளராகப் போனார்; 2021 பருவத்தின் இறுதிப் போட்டியில் தம் குருவின் அணியையே 33-18 என்று வென்று பட்டம் வாங்கினார். ஸ்டீவ் சார்கீசியனுக்கோ அதே அலபாமா மறுவாழ்வு தந்த இடம். 2015-இல் தலைமைப் பயிற்சியாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர், மறு ஆண்டு அங்கே வெறும் ஆய்வாளராக வந்து உட்கார்ந்தார். பிறகு அதே அணிக்குத் தாக்குதலாட்ட ஒருங்கிணைப்பாளராகி, 2020-இல் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதைப் பெற்று, 2021-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1996 முதல் வழங்கப்படும் அந்த விருது, தம்மிடம் இருந்த துணைப் பயிற்சியாளர்கள் பலரைத் தலைமைப் பயிற்சியாளர்களாக உருவாக்கி அனுப்பிய ஆர்கன்சாஸ் பயிற்சியாளர் பிராங்க் பிராய்ல்ஸின் பெயரில் உள்ளது. துணைப் பயிற்சியாளருக்கென்றே தேசிய விருது என்பது எனக்குப் பெரிய செய்தி.

நம் பக்கத்து விடைகள் வேறு மாதிரி இருந்தன. எங்களில் ஏழு பேருக்கு நியமனக் கடிதமே இல்லை. ஒருவர் அரசுப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். 2012-இல் மாதம் 5,000 ரூபாயில் சேர்ந்தவர்களில் ஒருவர். ஊதியம் சிறிது சிறிதாக உயர்ந்தாலும் பணி நிரந்தரத்துக்கு இன்னும் காத்திருக்கிறார். தலைமைப் பயிற்சியாளர் போய்விட்டால் எங்களுக்கு வேலை போகாது. ஆனால் ஆறு ஆண்டுகளாக என்ன செய்தோம் என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு 2016, 2020, 2024 என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியது இம்மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரைப் போன்ற ஒரு பிள்ளையைப் பள்ளித் திடலில் முதலில் பார்த்து, நீ தாண்டு என்று சொல்கிற ஆசிரியரின் வேலை எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்று நடத்துபவர் கேட்டபோது கூடத்தில் யாரும் பேசவில்லை. அதன் பிறகு ஒவ்வொருவரும் தத்தம் வேலையை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் கொடுத்தார். யாரிடம் பணிபுரிந்தேன், எந்தப் பொறுப்பு என்னுடையது, என்னிடம் பயின்ற எந்தப் பிள்ளை எந்த அளவுக்குப் போனாள், நான் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது என்பவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். "உதவினேன்" என்கிற சொல்லை எங்கே கண்டாலும் அடித்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார். என் பக்கத்தை நான்கு முறை திருப்பிக் கொடுத்தார். கட்டிய பணம் முழுவதும் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கே தகும் என்று சொல்வேன்.

காணொளி அமர்வு இரண்டாம் நாள் காலை. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு முயற்சி சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த முயற்சி தொடங்குவதற்குள் இடைவெளி இருக்கும். ஆகவே ஆட்டத்தைத் துண்டுகளாகப் பிரிப்பது எளிது. ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனையாவது முயற்சி, எத்தனை கஜம் பாக்கி, களத்தில் எந்த இடம், என்ன அமைப்பு என்று குறித்துவிடுவார்கள். பிறகு மூன்றாவது முயற்சிகளை மட்டும் தனியே சேர்த்துப் பார்ப்பார்கள், ஏனெனில் ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான் திரும்புகிறது. கபடியும் இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஒரு ரெய்டு 30 நொடி, 40 நிமிட ஆட்டம், தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது டூ ஆர் டை, அதாவது புள்ளி எடுத்தே தீர வேண்டிய ரெய்டு. நான் கைப்பேசியில் வைத்திருந்த எங்கள் மண்டலப் போட்டியின் அரையிறுதியை ரெய்டு ரெய்டாகப் பிரித்து, டூ ஆர் டை ரெய்டுகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டோம். எங்கள் வலது கார்னர் மற்ற நேரங்களில் பொறுமையாக நிற்கிற பெண். அந்த ரெய்டுகளில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஓரடி முன்னே வந்து, ரெய்டருக்குக் கால் நீட்ட இடம் கொடுத்துவிடுகிறாள். திடலில் நின்று இரண்டு ஆண்டுகளாகப் பார்த்தும் என் கண்ணில் படாதது இருபது நிமிடத்தில் தெரிந்தது. ஊருக்கு வந்ததும் அவளிடம் திட்டாமல் அந்தத் துண்டுகளை மட்டும் காட்டினேன். "மேடம், நானா இப்படி நிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு அவளே திருத்திக்கொண்டாள். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் காணொளியை வெட்டுகிற சாதாரணச் செயலியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதுமாக இருந்தன.

இப்போது குறைகள். பலகையில் ஏறிய பெயர்கள் எல்லாம் வெள்ளை ஆண்களுடையவை. முதல் நாள் மாலை நான் எழுந்து, இந்த ஏணியில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். 2018-இல் டார்ட்மத் கல்லூரி கேலி பிரவுன்சனைத் தாக்குதலாட்டத் தரக் கட்டுப்பாட்டுப் பயிற்சியாளராக நியமித்ததையும், முதல் பிரிவுக் கல்லூரிக் கால்பந்தில் முழுநேரப் பயிற்சியாளரான முதல் பெண் அவர் என்பதையும் நடத்துபவர் உடனே சொன்னார். தெரிந்திருந்தும் கேட்ட பிறகுதான் சொல்லப்பட்டது என்பதே என் குறை. கறுப்பின வீரர்கள் நிறைந்த அந்த ஆட்டத்தில் கறுப்பினப் பயிற்சியாளர்கள் எத்தனை காலம் காக்கவைக்கப்பட்டார்கள் என்பதும் பாடத்தில் இல்லை. சார்லி ஸ்ட்ராங் 1983-இல் பட்டமேற்படிப்பு உதவியாளராகத் தொடங்கி, புளோரிடா அணியின் இரண்டு தேசியப் பட்டங்களின்போது தடுப்பாட்டத்தை நடத்தியவர். தலைமைப் பயிற்சியாளர் பதவி அவருக்கு லூயிவில்லில் 2010 பருவத்தில்தான் கிடைத்தது. ஆட்டத்தில் மிகப் பெரிய பெயர் பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக சில்வெஸ்டர் க்ரூம் வந்தது 2004 பருவத்தில். ஏணியில் எல்லோருக்கும் படிகள் ஒரே உயரம் இல்லை. நம் ஊர்த் திடல்களிலும் யாருக்குத் தலைமைப் பொறுப்பு தரப்படுகிறது, யார் ஆயுள் முழுக்கத் துணையாகவே நிறுத்தப்படுகிறார் என்பதை அறிந்தவர்கள் முன்னால் ஏணியைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது. இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடுத்த முகாமின் பாடத்தில் சேர்ப்பதாக நடத்துபவர் சொல்லியிருக்கிறார்.

இதைவிடப் பெரிய குறை இரண்டாம் நாள் பிற்பகலில் வந்தது. வெளியிலிருந்து அழைக்கப்பட்டிருந்த வெளிநாட்டுக் கல்வி முகவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். அமெரிக்காவில் முதுகலை சேர்ந்தால் பட்டமேற்படிப்பு உதவியாளர் இடம் தானாகவே கிடைத்துவிடும் என்கிற தோற்றத்தை உண்டாக்கி, அன்றே 15,000 ரூபாய் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை என்றார். மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதை அவர் சொல்லவில்லை. காலையில் விளக்கப்பட்ட உதவியாளர் வேலையோ இரவு பகல் பாராத வேலை. அந்த ஆட்டத்தையே ஆடி வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகள், தங்கள் பழைய பயிற்சியாளர் ஒருவர் சொல்லி அனுப்பித்தான் பெரும்பாலும் அந்த இடங்களுக்கு வருகிறார்கள் என்பதையும் அவர் தொடவில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கம் ஆண்டுதோறும் ஜனவரியில் கூட்டுகிற மாநாட்டில், விடுதி முன்கூடத்தில் தன்விவரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள் என்று முதல் நாள் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைக்கு யார் பரிந்து பேசுவார்? இரண்டு இளைஞர்கள் பணம் கட்ட எழுந்தே விட்டார்கள். ஒரு மூத்த ஆசிரியர் அவர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்து, வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கட்டலாம் என்றார். நடத்துபவர் அப்போது அறையில் இல்லை. தம் பெயரில் நடக்கும் கூட்டத்தில் யார் என்ன விற்கிறார்கள் என்பதற்கு அவரே பொறுப்பு என்று நேரில் சொன்னேன், ஒப்புக்கொண்டார். அந்த மணி நேரம் மீண்டும் இடம்பெற்றால் இந்தப் பயிலரங்கை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் நாள் இரவு, உணவுக்குப் பிறகு நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தபடி நடந்த பேச்சு நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையில் 1920-இல் ஒய்எம்சிஏ உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் ஓர் அமெரிக்கர் என்பது எங்களில் பலருக்கும் தெரியும். எங்கள் ஆசிரியர்களுக்கு ஆசிரியர்கள் அங்கே படித்தவர்கள். பக் பயின்ற அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில்தான் 1890-இல் ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் கால்பந்து அணியை அமைத்தார். கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் அந்த அணியில் ஆடியவர். ஸ்டாக் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் 1932 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்து பெரும்புகழ் பெற்றார். அதன் பிறகு, எண்பது வயதைக் கடந்த நிலையில், 1947 முதல் 1952 வரை சஸ்குவஹானா பல்கலைக்கழகத்தில் தம் மகனோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். அதற்கும் பின்னர் ஒரு சிறு கல்லூரியில் உதைப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 102 வயது வரை வாழ்ந்தவர். உச்சிக்குப் போனவர் தாமாகவே கீழ்ப்படிக்கு இறங்கி வந்து அதே உற்சாகத்தோடு வேலை செய்தார் என்று கேட்டபோது, ஆத்தூர் ஆசிரியர், முதல் மணி நேரத்தில் கேள்வி கேட்டவர், ஓய்வுபெற்ற பிறகும் நான் திடலுக்கு வருவேன் என்று சொன்னார்.

இடவசதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகலூர் சாலையில் ஒரு காப்பித் தோட்டத்து வீடு; சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய சரிவு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். வளைவில் தலை சுற்றுகிறவர்கள் காலை உணவைக் குறைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்குத் தனி அறைகளும் உட்புறம் தாழிடும் கழிவறைகளும் இருந்தன. தனியாகப் போகலாமா என்று கேட்ட தோழிகளுக்கு இதையே முதலில் சொன்னேன். வெந்நீர் முதல் நாள் வரவில்லை, மறுநாள் வந்தது. மிளகு ரசமும் தோட்டத்துக் காப்பியும் நன்றாக இருந்தன. மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் இல்லாததால் காணொளி அமர்வில் முக்கால் மணி நேரம் வீணானது. காணொளியை நம்பி நடத்துகிற பயிலரங்குக்கு இது ஏற்க முடியாத குறை.

நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தைத் திரும்பி வந்ததும் தட்டச்சு செய்து, எங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு இடத்தில் திருத்தி, நான் எழுத மறந்த ஒரு மாணவியின் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திட்டார். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, தடுப்பாட்டப் பயிற்சி முழுவதும் என் பொறுப்பு என்று பள்ளி முத்திரையோடு கடிதம் கொடுத்தார். ஊதியம் உயரவில்லை. ஆனால் மாநிலப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்க என்னிடம் இப்போது ஒரு தாள் இருக்கிறது.

ஆகவே, இங்கேயே பள்ளியிலோ மன்றத்திலோ துணைப் பயிற்சியாளராக இருந்து, தன் வேலைக்கு வடிவம் கொடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம். அமெரிக்கா போகும் வழி தெரியும் என்று நினைத்து யாரும் போக வேண்டாம். முகவர் யாராவது பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கேயே பணம் கட்டாதீர்கள். ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் அணி ஆடிய ஓர் ஆட்டத்தையாவது முழுதாகப் பதிவு செய்து கைப்பேசியில் வைத்திருங்கள். அது இல்லாமல் வந்த ஆறு பேர் மற்றவர்களின் அணிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தங்கள் அணியைப் பார்க்காமலே மலை இறங்கினார்கள்.